சூடு மேடம் கண்ட பிழை

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் ‘சூடு மேடம்’ என்று பெயர். கோபக்காரி என்பதால் அல்ல. அவள் குரல் உயர்ந்து அங்கே யாரும் கேட்டதில்லை. புதிதாக வரும் பிராசசர் சிப்பைச் சோதனைப் பலகையில் பொருத்தி, சுற்றிலும் சூட்டை ஏற்றிக்கொண்டே போய், எந்த இடத்தில் அது கணக்குத் தப்புகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. வீட்டுக் கம்ப்யூட்டருக்கான சிப் அல்ல அது. வங்கி, ஆஸ்பத்திரி, விமான டிக்கெட் என்று ஊரே ஒரே சமயத்தில் வந்து விழும் இடங்களில், மூடிய அறைகளுக்குள் ஓய்வில்லாமல் ஓடும் சர்வர்களுக்கானது. அங்கே ஒரு பூஜ்யம் ஒன்றாகிவிட்டால் யாரோ ஒரு நோயாளியின் மருந்தளவு மாறிவிடும்.

அவளுடைய தம்பிக்கும் இதே தொழில்தான், ஆனால் எதிர்க் கம்பெனியில். இரண்டு கட்டடங்களும் ஒரே சாலையின் இரண்டு முனைகளில் இருந்தன. இவர்கள் சிப்பின் வேகத்தைக் கூட்டினால் அவர்கள் மின்செலவைக் குறைப்பார்கள். அவர்கள் தேதி அறிவித்தால் இவர்கள் அதற்கு முந்தைய வாரத்தைப் பிடிப்பார்கள். விடுமுறை நாளில் தம்பி சாப்பிட வரும்போது, கதவைத் திறக்கப் போகும் அவளையும் சேர்த்து அப்பா வாசலிலேயே நிறுத்திச் சொல்வார்: “செருப்போட சேர்த்து சிப்பையும் வெளியிலயே விட்டுட்டு வாங்க ரெண்டு பேரும்.” அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியவள், சின்னவன் என்றுதான் இன்னும் பிள்ளைகளைக் கூப்பிடுவார். பெரியவளுக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்து, சத்தமில்லாமல் முடிந்தும் போயிருந்தது. அதிலிருந்து அப்பா அவளோடுதான்.

புது சிப் வெளியாகும் தேதி நெருங்கியபோதுதான் அவள் அந்தப் பிழையைக் கண்டாள். நினைவகம் நிரம்பி, சூடும் ஏறிய நிலையில், எப்போதாவது ஒரு விடை தப்பாக வந்தது. பலகையை மாற்றினாள், கேபிளை மாற்றினாள், வேறு சிப்பைப் போட்டுப் பார்த்தாள். சொல்லி வைத்தாற்போல் மறுபடி வந்தது.

தலைமைப் பொறியாளர் திரையை வெகுநேரம் பார்த்தார். “வாங்கறவங்க யாரும் இவ்வளவு சூட்டுல ஓட்ட மாட்டாங்களேம்மா.”

“ஓட்டிட்டா, சார்?”

அவர் நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சரி, எழுதிக் கொடுங்க” என்றார்.

சிப்பைத் திருத்தி எடுக்க மாதக்கணக்கில் ஆனது. அந்த இடைவெளியில் எதிர்க் கம்பெனி முந்திக்கொண்டது. பெரிய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். திருத்திய சிப் கடைசியில் வெளியே வந்தபோது சீந்த ஆளில்லை. கம்பெனி சர்வர் தொழிலையே கைகழுவியது. ஆய்வுக்கூடம் மொத்தமும் வீட்டுக்குப் போனது. அவளை யாரும் குறை சொல்லவில்லை. முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. லிஃப்டில் ஒருவர் மட்டும், “நீங்க கண்ணை மூடிக்கிட்டிருந்தா நமக்கெல்லாம் வேலை இருந்திருக்கும், மேடம்” என்றார்.

“ஆமா” என்றாள் அவள். உண்மைதானே என்று தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜின் தட்டுகளையெல்லாம் வெளியே எடுத்துக் கழுவினாள். அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு, துடைத்த தட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி வைத்தார்.

சில வாரங்களில் தம்பி வந்தான். “எங்க லேப்ல ஆள் எடுக்கறாங்கக்கா. உன்னை விட்டா வேற யாரு இருக்கா?” அவன் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை என்பதை அவள் கவனித்தாள், கூச்சம் என்று விட்டுவிட்டாள்.

சாலையின் இன்னொரு முனைக்குப் போகத் தொடங்கினாள். முதல் வேலையாக அவள் மேசைக்கு வந்தது அவளுடைய பழைய சிப்தான். எங்கிருந்தோ வாங்கியிருந்தார்கள். அதையும் இவர்களுடைய அடுத்த சிப்பையும் ஒரே வேலையில் ஓடவிட்டு, எது எவ்வளவு வேகம் என்று அளந்து தர வேண்டும். பெட்டியைத் திறந்து அந்த உலோக மூடியை விரலால் தடவினாள். நெஞ்சை அடைக்கும் என்று எதிர்பார்த்தாள். ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான். பொருத்தினாள், அளந்தாள், கொடுத்தாள்.

வெளியீட்டு விழாவில் மேடைத்திரையில் இரண்டு பட்டைகள் தெரிந்தன. நீளமானது இவர்களுடையது. குட்டையானது அவள் நான்கு வருட உழைப்பு. அரங்கம் கைதட்டியது. தன் கைகளும் தட்டிக்கொண்டிருப்பதைச் சற்று நேரம் கழித்துத்தான் பார்த்தாள்.

விழா முடிந்த பின், ஏற்கெனவே விற்பனையில் இருந்த சிப்பை, அதாவது முந்திக்கொண்டு வந்த அந்தச் சிப்பை, வழக்கமான சோதனைக்காகச் சூட்டில் வைத்தாள். அதே பிழை. நினைவகம் நிரம்பி, சூடு ஏறியதும், ஒரு தப்பு விடை. குழுத் தலைவியிடம் காட்டினாள். அந்தப் பெண் வயதில் இவளைவிடச் சின்னவள், கலகலப்பானவள்.

“அட, இதுவா? தெரிஞ்ச விஷயம்தான் மேடம். இந்தச் சூட்டுக்கு மேல ஓட்டாதீங்கன்னு கையேட்டுல பொடி எழுத்துல போட்டிருக்கோமே.”

“எப்பலேர்ந்து?”

“மொதல்லேர்ந்தே.”

அடுத்த விடுமுறைக்குத் தம்பி வந்தபோது அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவள் துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்: “உங்க சிப்புலயும் அது இருந்துச்சா?”

எது என்று அவன் கேட்கவில்லை. “இருந்துச்சுக்கா.”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும். நினைவகப் பகுதிக்கு ரெண்டு கம்பெனியும் ஒரே டிசைனைத்தானே வாங்கறோம். உங்களுது தள்ளிப்போகுதுன்னு செய்தி வந்தப்பவே ஊகிச்சிட்டேன், நீதான் கண்டுபிடிச்சிருப்பேன்னு. எங்களுதுலயும் இருக்குன்னு வெளியில சொல்லியிருந்தா என்னை வேலையை விட்டுத் தூக்கியிருப்பாங்க. வாயை மூடிக்கிட்டேன்.” மடித்த துணிகளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “திட்டுக்கா. ரெண்டு அறை வேணும்னாலும் குடு.”

கோபம் எங்காவது இருக்கிறதா என்று, கைப்பையில் சாவி தேடுவதுபோல், அவள் உள்ளே துழாவிப் பார்த்தாள். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவன் சட்டைக் காலர் நைந்திருப்பது மட்டும் தெரிந்தது.

“சாப்பிட்டியா?” என்று கேட்டாள்.

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். சுவரில் பெயின்ட் உப்பியிருந்த இடத்தைப் பார்த்தபடி, அடுத்த துணியை எடுக்கலாமா, இவன் முடிக்கட்டுமா என்று யோசித்தாள்.

அலுவலகத்தில் அந்தப் பொடி எழுத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரச் சொல்லி எழுதினாள். தட்டிக் கழித்தார்கள். மறுபடி எழுதினாள். வாடிக்கையாளர் ஒருவரின் சர்வர் அறையில் குளிர்சாதனம் பழுதாகி, கணக்குகள் குழம்பிப்போய், அவர்கள் சண்டைக்கு வந்த பிறகுதான் எச்சரிக்கை முதல் பக்கத்துக்கு ஏறியது. யாரும் நன்றி சொல்லவில்லை. ஆனால் இனி அவள் ஒப்புதல் இல்லாமல் எந்தச் சிப்பும் வெளியே போகக்கூடாது என்று மேலிடம் முடிவு செய்தது. அப்பாவிடம் சொன்னபோது, “அப்ப நீ பிரேக்கு” என்றார். டிரைவர் வாயால் அது பெரிய பாராட்டு.

அதற்கு அடுத்து வந்த புது சிப்பிலும் பிழை இருந்தது, வேறு விதமானது. வெளியீட்டுக்கு மண்டபமே பிடித்தாகிவிட்டது. குழுத் தலைவி மேசையோரம் நின்று, “மேடம், இது உங்க தம்பி குழுவோட சிப்புன்னு உங்களுக்குத் தெரியும்ல?” என்று மெல்லக் கேட்டாள்.

“தெரியும்” என்றாள். ‘வெளியிடக்கூடாது’ என்று எழுதும்போது கை நடுங்கியது. அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பேனாவைக் கீழே வைத்து, நடுக்கம் அடங்கும்வரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

வெளியீடு தள்ளிப்போனது. இந்த முறை முந்திக்கொண்டது அதுவரை யாரும் பொருட்படுத்தாத மூன்றாவது கம்பெனி. தம்பி அங்கே வேலை கேட்டு எழுதியிருக்கிறான்.