இரண்டு சாவியும் என் முந்தியில்

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து மதினி போன் பண்ணி, "ராக்கு, உங்கண்ணே போயிட்டாகடி" என்றாள். அப்போது நான் எங்கள் கார் ரிப்பேர் செட்டு வாசலில் இருந்தேன். போனைக் கீழே வைப்பதற்குள் காரியாபட்டிக்காரர் கூப்பிட்டார். பின்சக்கரம் கழற்றியபடி எங்கள் செட்டில் நின்றது அவருடைய கார். அண்ணன் செத்ததைச் சொன்னேன். "வெரலு நசுங்குனதுக்கா?" என்றார். அடுத்து, "அப்ப வண்டி எப்பக் கிடைக்கும்?" என்றார்.

பந்தல்குடி ரோட்டில் என் அண்ணன் செல்வராசுவிடம் வண்டி விட்டவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அண்ணன் செத்த கேதத்துக்கு வந்தவர்கள் அவரைத் தங்கமான மனுசன் என்றார்கள். இல்லை. உங்களில் அவரிடம் ஏச்சு வாங்காதவர் யார்? என் புருசன் என்னை விட்டுப் போய், நான் செட்டுக்கு வேலைக்கு வந்த முதல் நாளே, லோடு வண்டிக்காரர்கள் முன்னால், "ஓடுனவன் வெவரமானவன். நாந்தேன் மாட்டிக்கிட்டேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றைக்கே ஒரு கார்ச் சாவியை என் மேல் எறிந்தார். "முந்தியில முடிஞ்சுக்க. நான் கைய உள்ள விட்டிருக்கையில சாமியே கேட்டாலும் குடுக்காத." இப்போது வரும் கார்களில் இழுக்கிற கைபிரேக்கு இல்லை, பட்டன்தான். பட்டனைத் தொட்டால் பின்சக்கரத்தில் இருக்கிற சின்ன மோட்டார் பிரேக் பேடை நெருக்கிப் பிடிக்கும். பேடு மாற்ற, முதலில் ஸ்கேனரை மாட்டி அந்த மோட்டாரைப் பின்னுக்குப் போக வைக்க வேண்டும். அதன்பிறகு வேலை முடியும்வரை வண்டியில் யாரும் எதையும் தொடக்கூடாது. அதற்குத்தான் என் முந்தி.

வேலை முடிந்ததும், கழற்றிய பேடை வண்டிக்காரர் கையிலேயே கொடுப்பார். "வீட்டுல வச்சு அழகு பாருங்க. நாளைக்கு வந்து, மாத்தவே இல்லைன்னு சொல்லக்கூடாதுல்ல."

விரல் நசுங்கின அன்றைக்கும் சாவி என் முந்தியில்தான் இருந்தது. காரியாபட்டிக்காரர் வெயில் தாங்காமல் ஏசி போட வண்டிக்குள் ஏறினார். இன்னொரு சாவி அவர் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. அந்தக் காருக்குச் சாவி உள்ளே இருந்தால் போதும், ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் உயிர் வந்துவிடும். "ஏலே, அமத்துடா!" என்று அண்ணன் கத்தினார். காரியாபட்டிக்காரர் பதறி அமத்தினார். வண்டியை அமத்தினால் பிரேக் போடுகிற பழக்கத்தில் பிரேக் பட்டனையும் தொட்டார். அண்ணன் விரல்கள் உள்ளே இருந்தன.

அண்ணனுக்குச் சர்க்கரை. புண் கறுத்து மேலே ஏறியது. விரலை எடுத்தார்கள், பிறகு கையையே எடுத்தார்கள். "நகம் வெட்டுற வேலை மிச்சம்" என்றார். மதினி அழுதாள். "எதுக்கு அழுகுற? ஒன்னைய அடிச்ச கையி அதுதேன்" என்றார். மதினி அழுகையை நிறுத்திவிட்டாள்.

கருமாதி முடிந்ததும் மதினி செட்டைக் காலி பண்ணிவிடலாம் என்றாள். எனக்கு வேறு போக்கிடம் இல்லை; அண்ணன் கூட நின்று பார்த்ததில் வேலையும் பழகியிருந்தது. பாதியில் நிற்கிற இந்த வண்டியை நான் முடிக்காவிட்டால் இனி ஒருத்தரும் இங்கே வண்டி விடமாட்டார்கள். விரல் நசுங்கின அன்றைக்கே என்னிடமிருந்த சாவியையும் வாங்கிப் போயிருந்த காரியாபட்டிக்காரர் வந்தார்.

"நீயா மாட்டப்போற?"

"ரெண்டு சாவியும் குடுங்க."

"ஒண்ணு வீட்டுல இருக்கு."

"போய் எடுத்துட்டு வாங்க."

"இந்த வெயில்ல, பஸ்ஸுலயா?"

"எங்கண்ணே இருந்தா நடந்து போகச் சொல்லும்."

போய் எடுத்து வந்தார். இரண்டையும் முந்தியில் முடிந்துகொண்டேன். "கை ரெண்டையும் நான் பாக்குற மாதிரி வச்சுக்கிட்டு வெளிய நில்லுங்க" என்றேன். நின்றார். அண்ணன் பாதி மாட்டியிருந்த பேடை எடுத்துவிட்டு வேறு புதுசு போட்டேன். சக்கரத்தை முடுக்கி, ஓட்டிப் பார்த்து, பிரேக் நிற்கிறதென்று தெரிந்த பிறகு, கழற்றியதையெல்லாம் பேப்பரில் மடித்து அவரிடம் கொடுத்தேன்.

பிரித்துப் பார்த்தார். "இதுல புதுசும் கெடக்கே?"

"அதுல எங்கண்ணன் ரத்தம் இருக்கு. வீட்டுல வச்சு அழகு பாருங்க."

அன்பாக ஒரு வார்த்தையும் அவர் எனக்கு விட்டுப் போகவில்லை. அந்த நாக்கையும் இந்த முந்தி முடிச்சையும்தான் வைத்திருக்கிறேன். செட்டு திறந்திருக்கிறது. வருகிறவர்கள் இரண்டு சாவியோடு வாருங்கள்.