மெயிலிடம் ஊர் கேட்கிறவள்

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் பதிவியலுக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மதிப்பெண். டைப்பில் ஹையர். தபால் வழியில் பி.காம்., மூன்றே வருஷத்தில், ஒரு தாள்கூடத் தங்காமல். ஆடிட்டர் ஆபீஸில் டீ வாங்கி வரவும் தாளுக்கு ஓட்டை போடவும் எடுத்த பெண், ஒன்பதாவது மாதம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பதினோரு வருஷம் கழித்து, பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரில், எட்டுக்குப் பத்தில் சொந்தமாக ஒரு கடை. வயல்காட்டு வேலைக்குப் போன பால்பாண்டியின் இளைய மகள், என் தங்கை தங்கமாரி, ஜெயித்தவை இவ்வளவு. வரிசை மாறாமல் எழுதியிருக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நூல் மில்லுக்குப் போனவள். எண்ணிக்கையில் தப்பு வரவிட மாட்டேன்.

காலை ஒன்பதரைக்குக் கடை திறந்ததும் வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலைத் துடைப்பாள். அப்புறம் கம்ப்யூட்டரைப் போட்டு, நின்றபடியே மெயில் பார்ப்பாள். நாற்காலி பின்னால் சும்மா கிடக்கும். "உக்காந்தா சொகமா இருக்கும். கை தானா அமுக்கிரும்" என்பாள்.

ஊரார் வரிக் கணக்கைத் தாக்கல் செய்கிறவர்களுக்கு வருகிற மெயில்கள் ஒரு தனி ரகம். ஐயாயிரம் வாடிக்கையாளர் விலாசம் விற்பனைக்கு என்று ஒன்று. எல்லாருக்கும் ரீஃபண்டை இரட்டிப்பாக்கும் ரகசியம் என்று ஒன்று. நான் புதிதாக வருகிறேன், என் காகிதங்கள் இணைப்பில் இருக்கின்றன, திறந்து பாருங்கள் என்று மூன்றாவது. ஒரு நாளைக்குப் பதினைந்துக்குக் குறையாது. ஜூன், ஜூலையில் முப்பதைத் தாண்டும்.

தங்கமாரி அவற்றோடு பேசுவாள். "வாங்க சார். எந்த ஊரு உங்களுக்கு?" என்று கேட்டபடி அனுப்பியவர் பெயர்மேல் அம்பைக் கொண்டுபோய் வைப்பாள். உள்ளே ஒளிந்திருக்கிற முழு முகவரி விரியும். அதுதான் அந்த மெயிலுக்கு ஊர். "யாரு சொல்லி வந்தீக?" என்பது இரண்டாவது கேள்வி. அனுப்பிவைத்தவர் பெயர் இருந்தால் அவருக்கே போன் போட்டுக் கேட்டுவிடுவாள். இல்லாவிட்டால், "ஊரும் சொல்லல, ஆளும் சொல்லல. போயிட்டு வாங்க" என்று அழித்துவிடுவாள்.

வீரசோழனில் இரும்புக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் ஸ்டூலில் காத்திருந்தபோது இதைக் கேட்டுச் சிரித்தார். "ஏம்மா, பொண்ணு பாக்க வந்தவுககிட்டகூட இம்புட்டுக் கேட்டிருக்க மாட்டியே."

"கேக்காம விட்டதுதான் பாய் அப்பப் பண்ணுன தப்பு" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடைப் பலகையில் 'வருமான வரி, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யப்படும்' என்று இருக்கும். கீழே போன் நம்பர். பெயர் கிடையாது. ஆடிட்டர் ஆபீஸில் வேலை இவளுடையது, கையெழுத்து ஆடிட்டருடையது. சொந்தக் கடையிலோ, கணக்கு போவது அவரவர் பெயரில்; ஓ.டி.பி. வருவது அவரவர் போனுக்கு. ரசீதில்கூட ரப்பர் முத்திரைதான். பலகையிலாவது பெயரைப் போடேன் என்று இரண்டு தடவை சொன்னேன். "பேரப் பாத்தா வாராக? கணக்கப் பாத்து வாராக" என்றாள். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

நின்றபடி மெயில் பார்க்கும் பழக்கம் வந்தது 2024 ஜூன் பத்தாம் தேதி, திங்கட்கிழமைக்குப் பிறகு. அன்று அவள் உட்கார்ந்திருந்தாள். பகல் பதினொன்றே முக்காலுக்கு ஒரு மெயில் வந்தது. மற்றதெல்லாம் 'டியர் சார்' என்று தொடங்கும். இது 'அன்புள்ள தங்கமாரி மேடம்' என்று தமிழில் தொடங்கியது. தனியாகத் தொழில் நடத்தும் பெண்களுக்கு, அவள் வருஷச் சந்தா கட்டுகிற அதே வரி சாப்ட்வேர், இன்று மாலை வரை பாதி விலைக்கு. அவள் ஊர் கேட்கவில்லை. அமுக்கினாள். கேட்ட இடத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்தாள். திரை வெள்ளையாகி நின்றது.

கடையில் ஒத்தாசைக்கு இருக்கிற நான் ஜெராக்ஸ் மெஷினுக்குத் தாள் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அதுல என் பேரு இருந்துச்சு" என்றாள்.

அதற்கு முந்தின மாதம் விருதுநகரில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தாள். வாசலில் வைத்திருந்த நோட்டில் பெயரும் மெயிலும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அங்கிருந்துதான் பெயர் வெளியே போயிருக்கும் என்பது அவள் கணிப்பு. சாப்ட்வேர் கம்பெனியின் பழைய ரசீதில் இருந்த நம்பருக்குப் போன் போட்டுக் கணக்கை முடக்கச் சொன்னாள். அதற்குள் யாரோ உள்ளே வந்து பதினாறு நிமிஷம் இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று கம்பெனியில் சொன்னார்கள். உள்ளே எழுபத்து நாலு பேருடைய பான் நம்பர், பிறந்த தேதி, பேங்க் நம்பர், வரித்தளத்து பாஸ்வேர்டு. நான் பட்டியலை வாசித்து டிக் போட, சாயங்காலம் ஐந்து மணிக்குள் எழுபத்து நாலு பாஸ்வேர்டையும் மாற்றி முடித்தாள்.

"அதான் மாத்தியாச்சுல்ல. யார்ட்டயும் மூச்சு விடாத. சீசன் நேரம்" என்றேன்.

"பாஸ்வேர்ட மாத்தலாம். பேங்க் நம்பர, பொறந்த தேதிய மாத்த முடியுமாக்கா? நாளைக்கு எவனாச்சும் அவுக விவரத்தை அவுககிட்டயே ஒப்பிச்சு ஓ.டி.பி. கேப்பான். நம்ம தங்கமாரி பேசச் சொல்லிருக்கும்னு குடுத்துருவாக."

"சொன்னா எல்லாரும் போயிருவாகடி."

"போவாகதான்" என்று போனை எடுத்தாள்.

அன்று மாலையும் செவ்வாய் முழுக்கவும் போனில் பேசினாள். எடுக்காதவர்களை நேரில் பார்க்க புதன்கிழமை பஸ் ஏறினோம். முடிவில் ஆறு பேர் காகிதங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். யாருடைய பணமும் போகவில்லை. அது அப்போது எங்களுக்குத் தெரியாது. ஜெகதீஸ்வரன் ஐயாவுக்குப் போனிலேயே சொல்லியிருக்கலாம். "அவுககிட்ட நேர்லதான் சொல்லணும்" என்று விட்டுவைத்திருந்தாள். அருப்புக்கோட்டையில் மிளகாய், மல்லி கமிஷன் மண்டி நடத்துகிறவர். வீடு திருச்சுழியைத் தாண்டி. எழுபத்து நாலில் முப்பத்தொரு பேர் அவர் சொல்லி வந்தவர்கள். அவர் போனால் அவர்களும் போவார்கள். பிறகு கடை வாடகைக்குக்கூட நிற்காது. எங்கள் அப்பா அவர் பருத்திக் காட்டில் களை வெட்டியவர்.

அவர் வீட்டு முற்றத்தில் நின்றே தங்கமாரி எல்லாவற்றையும் சொன்னாள். பதினாறு நிமிஷத்தையும் விடவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா தாயி?"

"தெரிஞ்சிருக்காதுங்கய்யா."

"பெறகு எதுக்கு வெயில்ல வந்த?"

"பேங்க்ல இருந்து பேசுறோம்னு எவனாச்சும் கேட்டா நம்பர் சொல்லிராதீக. நான் பேசச் சொன்னேன்னு சொன்னாலும் சொல்லாதீக. அதச் சொல்லத்தான்."

"படிச்ச பிள்ள, நீயே ஏமாந்தா நாங்கள்லாம் என்ன செய்யிறது?"

"ஏமாந்தது உண்மதான்யா."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "முப்பது பேருக்கு மேல நான் பதில் சொல்லணும். வாயால சொன்னா ஒருத்தன் ஒரு மாதிரி, இன்னொருத்தன் ஒரு மாதிரிச் சொல்லுவான். நடந்தத எழுதித் தா. உன் பேரப் போட்டுத் தா. அதக் காட்டி உன்கிட்டயே இருக்கச் சொல்றேன்." சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் தள்ளினார். "உக்காந்து எழுது."

தங்கமாரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். உட்கார்ந்தாள். பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்து, மடியில் ஃபைலை வைத்து எழுதினாள். ஒன்பது வரி. மூன்றாவது வரியில் 'என் தவறால்' என்று இருந்தது. எழுதியதை உரக்க வாசித்தாள். கடைசி வரிக்குக் கீழே வந்ததும் பேனா நின்றது. அடுத்தவர்கள் பெயரை ஆயிரம் படிவத்தில் நிறுத்தாமல் நிரப்பிய கை அது. பிறகு 'பா. தங்கமாரி' என்று முழுதாக எழுதி, மேலே கையெழுத்துப் போட்டாள்.

தாளை நீட்டினாள். அவர் வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். பெயரில் விரலை வைத்தார்.

"ஊரு?" என்று கேட்டார்.

மூன்று நாளில் முதல் தடவையாக அவள் உதட்டோரம் லேசாக விரிந்தது. தாளைத் திரும்ப வாங்கி, பெயருக்குக் கீழே 'பாளையம்பட்டி' என்று எழுதினாள். அதற்கும் கீழே தேதி போட்டாள்: 12.6.2024.