கண்ணாடி என்று நான் சொன்னது

அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டு மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, அதற்கு மேலே வெள்ளையாய் ஒரு மொத்தை. கிரகணம் பிடித்த சூரியனாம் அது. மைனி, அதாவது என் அண்ணன் மனைவி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் எடுத்து அனுப்பியது. அக்கம்பக்கத்தில் அடுப்புக்கூட மூட்டாமல் கதவைச் சாத்தியிருந்தார்கள். மைனியோ, "நமக்கென்ன கிரகணம்?" என்று மிச்ச கேக்கைக் கடித்துக்கொண்டே மாடி ஏறியிருக்கிறாள்.

ஏறுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள். கேட்காமல் செய்திருந்தால் என் மனது இப்படி அரித்துக்கொண்டிருக்காது. நான் அமீர்பேட்டில் கோச்சிங் வகுப்புக்குப் பிசிக்ஸ் எடுப்பவள். போர்டில் கணக்கு பாதியில் நின்றது.

"சூரியனை போன்ல எடுக்கலாமா? ஒண்ணும் ஆகாதுல்லா?"

"கண்ணாடி இல்லாம எடுக்காதீங்க மைனி."

"ஹவ் ஹவ், கண்ணாடி இருக்கு!" என்று செகந்திராபாத் பாணியில் ஆமாம் போட்டாள். நான் வைத்துவிட்டேன்.

நான் சொன்னது, நானே வாங்கி அவர்கள் அலமாரியில் வைத்திருந்த கிரகணக் கண்ணாடியை. அதை போன் லென்ஸின் மேல் பிடித்து, தலையைத் தூக்காமல் திரையை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகுமா? எங்கள் வீட்டில் முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி, ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி. மைனி அண்ணனின் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டாள். போனில் சூரியன் சிக்கவில்லை என்று, எங்கே இருக்கிறதென நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். வலிக்கவே இல்லையாம்.

மறுநாள் வேதப்புத்தகத்தைத் திறந்தவளுக்குச் சுற்றியுள்ள எழுத்தெல்லாம் தெரிந்தது, பார்க்கிற எழுத்து மட்டும் தெரியவில்லை. செகந்திராபாத்தில் பிறந்து தெலுங்கில் படித்தவள் மைனி. கல்யாணத்துக்குப் பிறகுதான் தமிழை எழுத்துக் கூட்டிப் படித்து, கோயிலில் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிக்கும் அளவுக்கு வந்தாள். அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

கண் டாக்டர் ஆறு மாதம் பார்க்கலாம் என்றார். வெளியே வந்ததும் அண்ணன் சத்தம் போட்டான்: "எந்த அறிவுகெட்டது சொல்லிச்சு, கண்ணாடி போட்டா போதும்னு?"

நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"யாரும் சொல்லல. நானாத்தான் மாட்டுனேன். பேசாம வாங்க" என்றாள் மைனி.

ஆறு மாதம் போய் வருஷங்களும் போய்விட்டன. பார்வையின் நடுவிலிருந்த கறை கொஞ்சம் சுருங்கியது, போகவில்லை. இப்போது கிரகணம் வருகிறதென்றால் வகுப்பில் மூன்று தடவை விளக்கிச் சொல்கிறேன். 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' என்று யாராவது விளையாட்டாகச் சொன்னாலும் எழுந்து வெளியே போய்விடுவேன். அண்ணனிடம் இன்றுவரை சொல்லவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன?

இத்தனை காலமும் மைனி பாடத்தைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்துச் சமாளித்து வந்தாள். போன மாதம் பாதியில் தடுமாறி நின்றுவிட்டாள். ஆராதனை முடிந்ததும் தானே போதகரிடம் போய், இனி முடியாது என்றாள். பிறகு என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"இவ வாசிக்கட்டும் ஐயா. இவ தமிழ் சுத்தமா இருக்கும். சொன்னா யாருக்கும் தப்பாப் புரியாது."

கேலியோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. கேலியாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.