கத்திரி அக்காவின் கையுறை

என் அக்கா துணி வெட்டுகிறவள். சட்டை தைக்கும் பட்டறையில் அறுபது அடுக்குத் துணியை நீள மேசையில் விரித்து, மேலே கோடு போட்டு, கட்டிங் மெஷினை ஓட்டுவாள். அதே பட்டறையில் தையல் வரிசைக்கு நான் மேற்பார்வை. கூடப்பிறந்த பாவத்துக்கு வீட்டுப் பேச்சிலும் அவள்தான், வேலையிலும் அவள்தான். எல்லோருக்கும் அவள் கத்திரி அக்கா. கோட்டை விட்டு ஒரு நூல் விலகாது அவள் கை. இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் தலைக்கனம் வரும்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயதில் அந்த வாரம் வந்தது. தூக்கம் இரண்டு மணி நேரம், சாப்பாடு நின்றபடி, வாய் மட்டும் ஓயவே இல்லை. பட்டறையையே தலைகீழாக மாற்றப்போவதாகக் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் திட்டம் சொன்னாள். என்ன சுறுசுறுப்பு என்று நானும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன், மடச்சி. அவள் வெட்டிய சட்டைக் கைகளைத் தைக்க எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சட்டைக் கை வடிவில் வெட்டிய அட்டையை ஒரு தரம் நேராகவும் ஒரு தரம் திருப்பியும் வைத்து வரைய வேண்டும். அவள் இரண்டு தரமும் நேராகவே வைத்திருந்தாள். அறுபது அடுக்கு, நூற்றிருபது கை, அத்தனையும் இடது. "ரெண்டு பக்கமும் இடது கை இருக்கற ஆளுங்க எங்க இருக்காங்க?" என்று தையல்காரி ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தோம். அக்காதான் அதிகம் சிரித்தாள். அவளால் நிறுத்த முடியவில்லை. அப்போதுதான் என் சிரிப்பு நின்றது.

அடுத்த மூன்று மாதம் படுக்கை. தலை வாரக்கூட எழவில்லை. சோம்பேறித்தனம் என்றார் அத்தான். நானும் ஆமாம் போட்டேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கடைசியில் மருத்துவர்தான் எங்கள் வாயை அடைத்தார். இருமுனைக் கோளாறு என்று பெயர் சொன்னார். மேலே ஏறுவதும் நோய், கீழே விழுவதும் அதே நோய், திமிரும் இல்லை, சோம்பலும் இல்லை. மாத்திரையை இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது, சொன்ன தேதியில் ரத்தம் பார்க்க வேண்டும், தூக்கம் குறைந்தால் உடனே வர வேண்டும் என்றார்.

முதலாளி அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. "மெஷின அவங்க கைல குடுக்கறது உங்க பொறுப்பும்மா. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்குவேன்." மெஷினை ஓட்டுகிறவர் விரல் போகாமலிருக்க இரும்பு வலைக் கையுறை போட வேண்டும். அது என் மேசை இழுப்பறைக்கு வந்தது. தினமும் காலையில் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுப்பேன்.

சும்மா சொல்லக் கூடாது, போலீஸ்காரியாகவே மாறிவிட்டேன். சத்தமாகச் சிரித்தால் "தூங்குனியா?" என்பேன். பேசாமல் இருந்தால் "மாத்திர போட்டியா?" என்பேன். ஒருநாள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வந்தாள். நான் கையுறையைத் தரவில்லை. முந்தின நாள் அவள் மகள் முதல் தடவையாக நீச்சல் குளத்தின் மறுமுனை வரை நீந்தியிருந்தாளாம். அவ்வளவுதான் சங்கதி.

"சிரிச்சா மேல போறேன், அழுதா கீழ போறேன். நான் நானா இருக்கறது எப்பன்னு நீயே சொல்லிடு," என்றாள். ஒரு வாரம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. பிறகு வந்து, "கையுறை எங்கிட்ட இருக்கட்டும். சரியில்லன்னா நானே வந்து குடுக்கறேன்," என்றாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கொடுத்துவிட்டேன்.

நான்கு வருடம் ஓடியது. வெட்டும் பிரிவுக்கு அவளையே தலைவியாக்குவதாக முதலாளி சொன்னார். திங்கட்கிழமை பெரிய ஆர்டர் தொடக்கம். அன்று காலை அக்கா சீக்கிரமே வந்தாள். படிய வாரிய தலை, தெளிந்த முகம். என் போலீஸ் கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை. கையுறையை என் மேசையில் வைத்தாள்.

"மூணு நாளா மூணு மணி நேரந்தான் தூங்கறேன். களைப்பே இல்ல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னிக்கு ஒரு நாள் சமாளிச்சுடேன்க்கா. நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம்." இத்தனை வருடம் காவல் காத்த வாய்தான் இதைச் சொன்னது.

"கோடே போடாம வெட்டிடலாம்னு தோணுதுடி. முடியும்னும் தோணுது. அதான் குடுக்கறேன்."

முதலாளியிடமும் அவளே போய்ச் சொன்னாள். தலைமை இன்னொருவருக்குப் போனது. "டாக்டர் சரின்னு சொன்னதும் வாங்க. உங்க மேசைல வேற யாரும் நிக்க மாட்டாங்க," என்றார்.

மருத்துவமனையில் வரிசையாக நாற்காலிகள். எங்களுக்கு முன்னால் நான்கு பேர். அக்காவின் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"மருந்த மாத்துவாங்க. இது போயிடும்ல?"

"போயிடும்க்கா."

"ரொம்ப நல்லா இருக்குடி. உடம்புல எங்கயும் வலி இல்ல. எல்லாரையும் பிடிக்குது. உன்னக்கூடப் பிடிக்குதுன்னா பாத்துக்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் கைப்பையைத் தேடி எடுப்பதற்குள் அவளே எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.