பக்கத்து வீட்டுப் பாட்டுச் சத்தம்

நான் பதினோராம் வகுப்பு முடித்து சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடம் நடந்தது இது. அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஆறு வீடுகள் கொண்ட லயத்தில் குடியிருந்தோம். லயத்தில் வீட்டுக்கு வீடு நடுவில் சுவர் உண்டு. ஆனால் அது கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் வாசனையில் எல்லா வீட்டுக்கும் பங்கு. பேச்சும் அப்படித்தான்.

பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அம்மா கொழுந்து பறிப்பவர். மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி வந்து கூடையை இறக்கி வைத்த கையோடு என்னைப் பிடித்துக்கொள்வார். "படிச்சியா? என்னா படிச்ச? சத்தமா படி!" கணிதப் புத்தகத்தை எடுத்தாலும் சத்தமாகத்தான் படிக்க வேண்டும். கணிதத்தை எப்படிச் சத்தமாகப் படிப்பது? கேட்டால் அதற்கும் ஏச்சு விழும். கடைசியில் எப்போதும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார். "படிக்கலன்னா பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி தலைக்குச் சாயம் அடிச்சிக்கிட்டு ரோட்டுல நிக்க வேண்டியதுதான்!"

பக்கத்து வீட்டு அண்ணன் சாதாரண தரத்தில் தவறியவர். பண்டாரவளையில் ஒரு போன் கடையில் வேலை. செம்பட்டை முடி, காதில் கடுக்கன், வீட்டில் ஆளுயர ஸ்பீக்கர் பொக்ஸ். சரியாக நான் படிக்க உட்காரும் நேரத்தில்தான் அது அலறத் தொடங்கும். ஒரு வரி மண்டையில் ஏறாது. இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் பாட்டு. எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. ஒருநாள் புத்தகத்தை வீசிவிட்டு, பரீட்சைக்கே போக மாட்டேன் என்று ஓவென்று அழுதுவிட்டேன்.

அவ்வளவுதான். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினார். ஐயோ, மானம் போகப் போகிறதே என்று நானும் பின்னால் ஓடினேன்.

"டேய், ஒனக்குத்தான் படிப்பு ஏறல. எம் புள்ளையையும் கெடுக்கணுமாடா?"

அண்ணன் பொக்ஸை நிறுத்தினார். எகிறப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை.

"அத்த, நீங்க ஏசத் தொடங்கினாத்தான் நான் பாட்டுப் போடுறேன். நீங்க நிப்பாட்டினா நானும் நிப்பாட்டிருவேன்."

"என்னடா, நக்கலா?"

"இல்ல அத்த. தெனமும் என்னைய சொல்லி ஏசுறீங்க. அது எங்கம்மா காதுல விழுது. விழுந்தா அம்மா சாப்பிட மாட்டேங்குது. அதான்."

உள்ளே அடுப்பங்கரையில் அவருடைய அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. அவரும் எங்கள் அம்மாவும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவர்கள். பகல் முழுக்க அம்மாவோடு பேசிச் சிரிக்கிறவர், இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எங்கள் அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "எனக்கு வேற என்னடா தெரியும்? புத்தகத்தப் பாத்துச் சொல்லிக்குடுக்கத் தெரியுமா? சத்தம் போடத்தான் தெரியும்" என்று சொல்லி அழுதார். எனக்கும் தாங்கவில்லை. அண்ணனின் அம்மா மாவுக் கையோடு எழுந்து வந்து, "உள்ள வா மதினி, பிளேன்டீ குடிச்சிட்டுப் போ" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. மறுநாள் எங்கள் வீட்டிலிருந்து அங்கே ஒரு சட்டி மீன் குழம்பு போனது.

அதன் பிறகு அம்மா என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து கீரை ஆய்வார். அவ்வளவுதான். பாட்டும் இல்லை, ஏச்சும் இல்லை. அந்த அமைதியில் முதல் இரண்டு நாள் எனக்குப் படிக்கவே வரவில்லை என்றால் நம்புவீர்களா! விஷயம் எப்படியோ லயம் முழுக்கப் பரவி, மற்ற வீடுகளிலும் டிவி சத்தம் குறைந்தது. குடித்துவிட்டுப் பாடும் கடைசி வீட்டு மாமாகூடத் லயத்துக்கு அப்பால் தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம் போய்ப் பாடிவிட்டு வந்தார். பரீட்சைக்குக் கிளம்பிய காலையில் அண்ணனின் அம்மா என் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார். கடைசிப் பாடம் எழுதி நான் வீட்டுக்கு வந்ததும் அம்மா சுவரைப் பார்த்துக் கத்தினார்: "தம்பி, இனி போடுடா ஒம் பாட்ட!"

நான் தேறினேன். கணிதத்தில் 'சி' தான். அதற்கும் அம்மா ஏசினார், மெதுவாக.

இப்போது ஹாலிஎலப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். பெற்றோர் வந்து பிள்ளையை என் முன்னாலேயே இன்னொரு பிள்ளையைக் காட்டி ஏசுவார்கள். நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனாலும், "அவனை மாதிரி ஆயிராத" என்று யார் வாயிலிருந்து வந்தாலும், அந்த 'அவனுக்கும்' ஒரு அம்மா எங்கோ சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாளே என்றுதான் என் மனம் அடித்துக்கொள்கிறது.