வடிக்காமல் விட்ட தண்ணீர்

போன வாரம் துபாயில், அல் குசைஸில் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில், மருமகனின் காருக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வளாகத்தில் நாலைந்து கேரவன்கள் நின்றன. சினிமாக்காரர்கள் புண்ணியத்தில் கேரவன் என்றால் இப்போது நம் ஊரில் குழந்தைக்கும் தெரிகிறது. ஒருவர் அதன் அடியில் மல்லாந்து படுத்து எதையோ திருகினார். தொட்டித் தண்ணீர் கொடகொடவென்று தரையில் கொட்டியது. வெயில் ஆரம்பித்துவிட்டதால், பாலைவனத்தில் முகாம் போடுகிறவர்கள் வண்டியைக் காலி செய்து மூடிவைக்கும் நேரம் இது. அந்தத் தண்ணீரில் ரப்பரும் துருவும் கலந்த ஒரு வாடை வந்தது. நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அது எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

இங்கே வெயிலுக்கு முன்னால் வடிக்கிறார்கள். நாங்கள் வடித்தது குளிருக்கு முன்னால். குளிரா, வளைகுடாவிலா என்று நீங்கள் சிரிப்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் எழுபதுகளில் பெட்டி நிறையப் பருத்திச் சட்டையை அடைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். கொண்டுபோய்ப் போட்டது சவுதியின் வடகோடியில், ஜோர்டான் எல்லைப் பக்கம், சாலை அளக்கும் ஒரு கேம்பில். டிசம்பரில் காலுக்கு ஒரு ஜோடி, கைக்கு ஒரு ஜோடி என்று காலுறை மாட்டிக்கொண்டு டைம்ஷீட் எழுதிய குமாஸ்தாவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தேங்காய் எண்ணெயைக் கத்தியால் சுரண்டித்தான் தலைக்குத் தேய்ப்போம்.

எங்கள் சமையல்காரர் கருப்பையா. புதுக்கோட்டை மாவட்டத்தில் இலுப்பூர்ப் பக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்று கூப்பிட்டுவிட்டு 'நீங்க' போடுவார். ஊரில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். பாதி ஆழத்தில் பாறை. ஒவ்வொரு வெடிக்கும் இங்கிருந்து சம்பளம் போக வேண்டும். வேலை போனால் கிணறு அப்படியே நின்றுவிடும். சோறு வடிக்கும்போதும் அதைத்தான் பேசுவார். கஞ்சித் தண்ணீரைக்கூடக் கொட்ட மாட்டார், அதில் பாத்திரம் ஊறவைப்பார்.

கேம்புக்குத் தண்ணீர் லாரியில்தான் வரும். நாங்கள் குளிப்பது லாரிக்காரர் மனசைப் பொறுத்தது. ஆனால் வெள்ளைக்கார சர்வேயரின் கேரவனுக்குத் தனித் தொட்டி, ஹீட்டர், திருகினால் சுடுதண்ணீர் வரும் குழாய். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் லீவில் கிளம்பினார். போகுமுன் எங்கள் இருவரையும் அழைத்து வண்டிக்கு அடியில் இருந்த வால்வைக் காட்டினார். நான் ஊருக்குப் போனதும் உள்ளே அடுப்பு எரியாது, தண்ணீர் உறைந்து பைப்பைப் பிளந்துவிடும், ஆகவே ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடித்து, வால்வைத் திறந்தபடியே விட்டுவிடுங்கள் என்றார். நான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். கருப்பையா தலையாட்டினார். சர்வேயர் ஏறிப்போன வண்டி மறைந்ததும் என்னிடம் கேட்டார்:

"தண்ணி பைப்ப ஒடைக்குமா தம்பி? தண்ணி என்ன கடப்பாரையா?"

நான் சிரித்துவிட்டேன். எனக்கும் அது பாதி நம்பிக்கைதான், பள்ளிக்கூடப் பாடத்தில் படித்ததோடு சரி. வால்வை நானே திறந்துவிட்டேன். கருப்பையா ஓடிப்போய் ஒரு குடத்தைக் கொண்டுவந்து கீழே வைத்தார். பிறகு வாளி, அண்டா, சோற்றுப் பானை. சரி, பிடித்துக்கொள்ளட்டும் என்று நான் ஆபீஸ் கூடாரத்துக்குப் போய்விட்டேன்.

சர்வேயர் திரும்புகிற நாள் காலையில், வெளியே வைத்திருந்த வாளியில் தண்ணீர் உறைந்து ஏடு கட்டியிருந்தது. கருப்பையா அதை முழுசாகத் தூக்கி வெயிலில் காட்டினார். கேம்பே கூடி வேடிக்கை பார்த்தது. எல்லோரும் சிரித்தோம், அவர் மட்டும் சிரிக்கவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

சூரியன் நன்றாக ஏறிய பிறகு, சர்வேயர் வருமுன் அறையைச் சூடாக்கலாம் என்று கேரவனைத் திறந்தேன். உள்ளே சொட்டுச் சத்தம். காலை வைத்தால் கம்பளம் சொதசொதவென்றிருந்தது. பைப் உறைந்து கிடந்தவரை சத்தமில்லாமல் இருந்திருக்கிறது, வெயில் பட்டதும் இளகி ஒழுகத் தொடங்கிவிட்டது. பதறிப்போய் அடியில் குனிந்தேன். வால்வு மூடியிருந்தது.

கருப்பையாவைக் கூப்பிட்டேன். வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

"இருக்கிற ஏனம் எல்லாத்துலயும் புடிச்சேன் தம்பி. அப்புறமும் வருது. மண்ணுக்குள்ள போறதப் பாத்துக்கிட்டு நிக்க முடியல. மூடிப்புட்டேன்."

"அவரு அம்புட்டுச் சொன்னாருல்ல?"

"சொன்னாரு. எனக்குத்தான் மனசு வரல."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிடப் பயம். மூன்று மாதம் முன்பு ஜெனரேட்டரைக் கெடுத்த வெல்டரை அடுத்த வண்டியிலேயே ஊருக்கு ஏற்றி அனுப்பியிருந்தார்கள். கலாஸ், அதாவது முடிந்தது, என்று அரபியில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான் விசாரணை. நான் தலையில் கைவைத்து நின்றபோது இவர் போய் இரண்டு சட்டியை எடுத்துவந்து ஒழுகுகிற தண்ணீரைப் பிடிக்கத் தொடங்கினார். இப்பவுமா என்று கேட்டேன். வீணாப் போகுதுல்ல என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத நேரங்களில் அதுவும் ஒன்று.

தூரத்தில் புழுதி தெரிந்தது. சர்வேயரின் வண்டிதான். நான் அவசரமாகச் சொன்னேன்: "வால்வு துருப்புடிச்சு தானா இறுகிருச்சுன்னு சொல்லிருவோம்ணே."

"வேணாம் தம்பி. தப்பு நான் பண்ணது. நான் சொல்றதச் சொல்றபடியே இங்கிலீசுல சொல்லுங்க, போதும்."

போதுமாம். ஒரு மனிதனின் வேலையையும் கிணற்றையும் என் வாயில் வைத்துவிட்டுப் போதும் என்கிறார். அன்றைக்கு என் கைவசம் இருந்த இங்கிலீஷே கொஞ்சம்.

சர்வேயர் இறங்கினார். கம்பளத்தைப் பார்த்தார். முகம் செக்கச்செவேலென்று ஆனது. யார் என்று கேட்டார். கருப்பையா முன்னால் வந்து, என்னிடம் சொன்னதையே மறுபடி சொன்னார். நான் நாக்குழற மொழிபெயர்த்தேன். மண்ணுக்குள் போவதைப் பார்த்து நிற்க முடியவில்லை என்ற இடத்தில் தடுமாறினேன், ஆனால் சொல்லிவிட்டேன். சர்வேயர் நல்ல காற்சட்டையோடு சேற்றில் தவழ்ந்து அடியில் போனார். ஸ்பானரின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெளியே வந்தபோது கையில் ஒரு செப்புக் குழாய்த் துண்டு. முற்றிய வெண்டைக்காய் வெடித்த மாதிரி நீளமாகப் பிளந்திருந்தது. அதைக் கருப்பையாவின் கையில் கொடுத்தார். கருப்பையா பிளவில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார்.

"தண்ணியா இதப் பண்ணுச்சு?"

அதையும் மொழிபெயர்த்தேன். ஆமாம் தண்ணீர்தான் என்று சர்வேயர் கடுகடுவென்று சொன்னார். புதுக் குழாய் வரும்வரை தினமும் காலையில் இவர் எனக்குச் சுடுதண்ணீர் சுமந்து வர வேண்டும், அடுத்த குளிருக்கு இவரே வால்வைத் திறக்க வேண்டும், கடைசிச் சொட்டு வரை நீ பக்கத்தில் நிற்க வேண்டும் என்றார். திட்டு என்று நினைத்துத்தான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். 'அடுத்த குளிர்' என்று வாயால் சொன்ன பிறகுதான், இவரை அனுப்பப் போவதில்லை என்பது என் புத்தியில் ஏறியது. கருப்பையாவுக்கு எனக்கு முன்னாலேயே ஏறிவிட்டது. அவர் திரும்பிப் போய் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் அந்த வால்வைத் தன் சொந்தப் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். வெயில் ஏற ஏற, "அடுத்த குளிருக்கு நாந்தேன் தொறந்துவிடணும், வேற ஆரையும் விட்றாதீங்க" என்று என்னிடம் சொல்லிவைப்பார். பார்த்துக்கொண்டு நிற்கப் பழகணும் என்பார். ஒரு தப்பை நேர்செய்ய இத்தனை ஆசையோடு காத்திருந்த மனிதரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் சாலை வேலை முடிந்துவிட்டதென்று கேம்பைக் கலைத்தார்கள். கருப்பையாவுக்கு தோஹாவில் வேலை, எனக்கு துபாயில். கேரவனை இழுத்துப்போக லாரி வந்தது. கருப்பையா சமையல் சாமான்களைக் கட்டிப் போட்டுவிட்டு வேகுவேகென்று ஓடிவந்தார். அதற்குள் லாரிக்காரர்கள் பாரம் குறையட்டும் என்று தாங்களே வால்வைத் திறந்து தொட்டியைக் காலி செய்திருந்தார்கள். அவர் குனிந்து மணலைத் தொட்டுப் பார்த்தார். அந்த வெயிலில் ஈரம்கூட மிச்சமில்லை.

கேம்ப் இருந்த இடத்தின் மேல் இப்போது தார்ச்சாலை போகிறது. சர்வேயர் எங்கே போனார் என்று தெரியாது. கருப்பையாவோடும் சில வருஷத்தில் தொடர்பு விட்டுப்போயிற்று. எங்கள் யாருக்கும் அங்கே அடுத்த குளிர் வரவே இல்லை.