செவலைப் பசுவும் மூன்று பாறுகளும்

எங்கள் பக்கம் பசு செத்தால் தென்னைமரத்துக்குப் பக்கத்தில் புதைத்துவிடுவார்கள். மரம் நன்றாகக் காய்க்கும். ராயப்பன்பட்டித் தோப்பில் செவலை செத்தபோதும் சித்தப்பா மம்பட்டியைத் தூக்கிவிட்டார். தடுத்தது நான். அப்போது ஆறாம் வகுப்பு, பறவைப் பைத்தியம்.

செவலை கால் வீங்கி நான்கு நாள் படுத்துக் கிடந்தது. அது முனகுவது பொறுக்காமல், தினம் ஒரு வலி ஊசி போட வைத்ததும் நான்தான். ஊசி ஏறியதும் முனகல் நிற்கும், கொஞ்சம் புல்கூடத் தின்னும். கடைசி ஊசிக்கு மறுநாள் காலை எழவில்லை.

"அந்தப் பாறைக் கரட்டுல போட்டுருவோம் சித்தப்பா, பாறு வந்து தின்னும்."

"பிணந்தின்னிக் கழுகா? வீட்டுக்கு மேல பறந்தாலே ஆகாதும்பாக. இவ விருந்துக்குக் கூப்புடுறா" என்றாள் சித்தி.

"வரலேன்னா நாத்தத்துக்கு நீதான் பொறுப்பு, ஆத்தா" என்று சொல்லிவிட்டு, சித்தப்பா டிராக்டரில் கயிற்றைக் கட்டினார்.

மறுநாள் மதியம்வரை காக்கையும் நாயும்தான். சித்தி மூக்கைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு மலை முகட்டிலிருந்து மூன்று புள்ளிகள், இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டு இறங்கின. மொட்டைக் கழுத்து. அதைச் செவலையின் வயிற்றுக்குள் முழுசாக விட்டு எடுத்தபோதுதான், அங்கே இறகு இருந்தால் என்ன பாடுபடும் என்று புரிந்தது. முதல் பந்திக்கு முந்துகிறவர்கள் மாதிரி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தின்றன. பொழுது சாய்வதற்குள் விலா எலும்பு வெளியே தெரிந்தது. சித்தப்பாவே, "பரவால்லத்தா, சுத்தமான வேலைக்காரங்க" என்றார்.

இரண்டு நாள் கழித்துப் போனேன். மூன்றும் பக்கத்துப் பாறைமேல் உட்கார்ந்திருந்தன, தலையை நெஞ்சுவரை தொங்கவிட்டு. ஒன்று நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தொங்கவிட்டது. கிட்டே போயும் பறக்கவில்லை. என்னை நம்புகின்றன என்று நினைத்தேன். நோட்டில் எழுதினேன்: 'பாறு சாதுவான பறவை. வயிறு நிறைந்தால் தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கும்.' டீச்சர் சிவப்பு மையில் 'நன்று' போட்டார்.

மாட்டுக்கு வலியை நிறுத்துகிற மருந்துகளில் சில, அந்த மாட்டைத் தின்கிற பாறின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், அப்படிச் சாகப்போகிற பாறுதான் தலையைத் தொங்கப்போடும் என்பதெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகு படித்தது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அடுத்த நாள் போனபோது பாறை காலி. தூக்கம் தெளிந்து பறந்துவிட்டன என்று, பாறைக்குப் பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், சித்தியிடம் சொல்ல ஓடினேன்.